ஃபைல் இருக்கா, இல்லையா, தெரியலையா?

எஃப்டிபி சர்வரில் ஒரு ஃபைல் இருக்கிறதா என்று கோடில் பார்க்கணும். பைத்தானில் எஃப்டிபிலிப் தயாராக இருக்கு. நாலு வரி வேலைதானே என்று தோன்றும். அந்த நாலு வரியில் எங்கெல்லாம் கால் இடறும் என்று இந்த இதழில் பார்ப்போம்.

ஒரு ப்ராஜெக்ட்டை மனசில் வச்சுக்கோங்க. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், காற்று, மீன் கிடைக்கும் பகுதி பற்றி மீனவர்களுக்கு அறிவிப்பு தருகிறது. இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையமும் 2007 அக்டோபரிலிருந்து அங்கேதான் இயங்குகிறது. இது மாதிரி ஒரு அலை எச்சரிக்கை ஃபைலை ஏதோ ஒரு எஃப்டிபி சர்வரில் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செங்கல்பட்டில் நம்ம லேப்பில் ஓடும் ஸ்கிரிப்ட் தினம் விடியற்காலை 3 மணிக்கு அதைத் தேடுகிறது. ஃபைல் இருந்தால் மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் குப்பங்களில் உள்ள டிஜிட்டல் பலகையில் எச்சரிக்கை வரணும். இல்லாவிட்டால் 'இன்று எச்சரிக்கை இல்லை' என்று வரணும்.

நம்மில் பலர் எழுதுவது இப்படித்தான்: ட்ரை உள்ளே சைஸ் கமாண்ட். எரர் வந்தால் எக்செப்ட் போட்டு ஃபால்ஸ் திருப்பு. முடிந்தது. இப்போது நெட் அறுந்தாலும் ஃபால்ஸ், பாஸ்வேர்ட் மாறினாலும் ஃபால்ஸ். பலகையோ 'எச்சரிக்கை இல்லை' என்று சொல்லும். அதை நம்பிப் படகு கிளம்பும்.

சர்வர் சொல்வதை முதலில் சரியாகக் கேட்போம். எஃப்டிபியின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். ஐஐடி கான்பூரில் படித்து, அப்போது எம்ஐடியில் இருந்தவர். இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் 1985-இல் வந்த ஆர்எஃப்சி 959. அதில் சர்வரின் ஒவ்வொரு பதிலுக்கும் மூன்று இலக்க எண் உண்டு. 2-இல் தொடங்கினால் வேலை முடிந்தது. 4-இல் தொடங்கினால் தற்காலிகச் சிக்கல், பிறகு முயற்சி செய். 5-இல் தொடங்கினால் இப்படியே திரும்பக் கேட்டுப் பயனில்லை.

சைஸ் கமாண்டுக்கு 213 வந்தால் ஃபைல் இருக்கு, அளவும் கூடவே வரும். குழப்பம் 550-இல்தான். ஃபைல் இல்லை என்றாலும் 550. அனுமதி இல்லை என்றாலும் 550. கேட்ட பெயர் ஒரு ஃபோல்டர் என்றாலும் பெரும்பாலும் 550. இன்னொன்றும் உண்டு: கனெக்ஷன் ஆஸ்கி மோடில் இருந்தால் பல சர்வர்கள் சைஸ் சொல்ல மறுத்து 550 தரும். எஃப்டிபிலிப்பில் ஃபோல்டர் பட்டியல் கேட்டாலே மோட் ஆஸ்கிக்கு மாறிவிடும். அதனால் சைஸ் கேட்கும் முன் டைப் ஐ அனுப்பி பைனரிக்கு மாத்திடுங்க. லாகின் தோல்விக்கு வரும் 530-உம் 550-உம் எஃப்டிபிலிப்பில் ஒரே வகை எக்செப்ஷன்தான். ஆகவே எக்செப்ஷனைப் பிடித்ததோடு நிற்காமல், அதற்குள் இருக்கும் எண்ணையும் படிக்கணும்.

நம்ம ஃபங்ஷன் மூன்று பதில் தரணும்:

1. இருக்கு: சைஸுக்கு 213 வந்தது.
2. இல்லை: 550 வந்தது. பிறகு ஃபோல்டர் பட்டியல் கேட்டோம். பட்டியல் 226 என்று முழுசாக முடிந்தது. அதில் மற்ற ஃபைல்கள் தெரிகின்றன, நம்ம பெயர் மட்டும் இல்லை.
3. தெரியலை: டைம்அவுட், 421, 530, பட்டியலே வரவில்லை, இன்னும் என்னவெல்லாமோ.

'இருக்கு' என்று வந்தாலும் இரண்டு விஷயம் பாக்கி. முதலாவது, ஃபைல் முழுசா வந்துடுச்சா? அந்தப் பக்கம் யாரோ அப்லோட் பண்ணிக்கொண்டிருக்கும்போதே பெயர் பட்டியலில் தெரியும். சில வினாடி விட்டு சைஸை மறுபடி கேட்டு ஒப்பிடலாம். ஆனால் அப்லோட் நடுவில் நின்றுபோயிருந்தால் இரண்டு முறையும் ஒரே அளவுதான் வரும். அப்லோட் செய்பவர் நம்ம ஆள் என்றால், தற்காலிகப் பெயரில் ஏற்றி, முடிந்ததும் சரியான பெயருக்கு மாற்றச் சொல்வதே நல்ல வழி.

இரண்டாவது, அது இன்றைய ஃபைலா? எம்டிடிஎம் கமாண்ட் கடைசியாக மாறிய நேரத்தை 14 இலக்கமாகத் தரும். 2007-இல் வந்த ஆர்எஃப்சி 3659-இன்படி அது யுடிசி நேரம். நமக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டணும். நவம்பர் 12 அதிகாலை 1:30-க்கு ஏறிய ஃபைல், நவம்பர் 11 இரவு 20:00 என்று தெரியும். தேதியை மட்டும் ஒப்பிட்டால், இன்றைய எச்சரிக்கையை நேற்றையது என்று தூக்கிப் போட்டுவிடுவோம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் எஸ்எஃப்டிபிக்குப் போவது நல்லது. பழைய எஃப்டிபியில் பாஸ்வேர்ட் மறைப்பின்றிப் போகிறது. எஸ்எஃப்டிபியில் 'ஃபைல் இல்லை' என்பதற்கு எண் 2, 'அனுமதி இல்லை' என்பதற்கு எண் 3. 550 குழப்பம் பெரும்பாலும் தீரும். ஆனால் அங்கேயும் நெட் அறுந்தால் பதில் 'தெரியலை'தான்.

'தெரியலை' வந்தால் பலகையில் என்ன காட்டணும் என்பதையும் இப்போதே முடிவு பண்ணுங்க. 'இன்று தகவல் வரவில்லை, விசாரித்துவிட்டுக் கடலுக்குப் போங்கள்' என்று இருந்தால் போதும். டெமோ நாளுக்கு முன்னால் லேன் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஸ்கிரிப்ட்டை ஒருமுறை ஓட்டிப் பாருங்க. அப்போதும் பலகை 'எச்சரிக்கை இல்லை' என்று சொன்னால், கோடைத் திறந்து அந்த எக்செப்ட் வரியிலிருந்து ஆரம்பிங்க.