புது ஆள் எங்கே? பினாங்குக் காற்பந்து ரசிகரின் நம்பிக்கைகளும் உண்மைகளும்

லீக் ஓய்ந்திருக்கும் வாரங்களில் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் காற்பந்துப் பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். "ஜொகூர் எடுத்துட்டான், சிலாங்கூர் எடுத்துட்டான், நம்மாளுங்க இன்னும் கணக்குப் பார்த்துக்கிட்டே இருக்காங்க." பினாங்கு எப்.சி. ஒருவரை ஒப்பந்தம் செய்தாலும் மனம் ஆறுவதில்லை. "யாரு இவரு? இதுக்கு முன்னாடி எங்க விளையாடினாரு?" என்று கைப்பேசியில் தேடுவார்கள். தேடிப் பார்த்தபின் சலிப்பு இன்னும் கூடும்.

இதை வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. மலேசியக் கிண்ணத்தை 1953, 1954, 1958, 1974 என நான்கு முறை தூக்கிய மாநிலம் இது. லீக் பட்டம் 1982, 1998, 2001. எப்.ஏ. கிண்ணம் 2002. அலி பாக்கார், ஈசா பாக்கார் சகோதரர்கள் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். 1974க்குப் பிறகு மலேசியக் கிண்ணம் இந்தப் பக்கம் வரவே இல்லை. அரை நூற்றாண்டு காத்திருந்தவர் கோபப்படத்தான் செய்வார். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு சுற்றும் சில நம்பிக்கைகள் குழுவுக்கே கெடுதல் செய்பவை. அவற்றைத்தான் இங்கே எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

"பினாங்கில் இல்லாத காசா?"

பாயான் லெப்பாஸ் ஆலைகளைக் காட்டித்தான் இதைக் கேட்பார்கள். மாநிலம் வளமானது, உண்மை. ஆனால் ஆலையில் புரளும் பணம் காற்பந்துக் குழுவின் கணக்கில் வந்து விழுவதில்லை. முன்பு மாநிலக் காற்பந்துச் சங்கமே குழுவை நடத்தியது. மாநிலத்தின் நிறுவனங்கள் கைகொடுத்தன. 2021 சீசனிலிருந்து குழுக்கள் சங்கத்தைவிட்டுப் பிரிந்து தனி நிறுவனங்களாக இயங்க வேண்டும் என்று மலேசியக் காற்பந்துச் சங்கம் விதித்தது. அன்றிலிருந்து விளம்பரதாரர், நுழைவுச்சீட்டு, ஜெர்சி விற்பனை, லீக் தரும் பங்கு ஆகியவைதான் கையிருப்பு. மாநில அரசு உதவினாலும் அது மக்கள் வரிப்பணம், அதற்கு ஆயிரம் கேள்வி வரும்.

இந்த வருமானத்தில் நிச்சயமானது எது? 2018-ல் டெலிகோம் மலேசியா நிறுவனம் மலேசிய லீக்கோடு எட்டு ஆண்டுக்கு 480 மில்லியன் ரிங்கிட் ஒப்பந்தம் செய்தது. குழுக்களுக்கெல்லாம் விடிவு காலம் வந்துவிட்டது என்றுதான் பேச்சு. ஓராண்டு ஓடியதும் அது முறிந்தது. அந்தப் பணத்தை நம்பி ஆட்டக்காரர்களுக்கு நீண்ட ஒப்பந்தம் எழுதிய குழுவின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஜொகூரை உதாரணம் காட்டுவதிலும் இதே கோளாறு. ஜொகூர் டாருல் தக்சிம் 2014 முதல் லீக் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 2015-ல் ஏ.எப்.சி. கிண்ணம், 2020-ல் புத்தம்புது அரங்கம். ஜொகூர் அரச குடும்பத்துத் துங்கு இஸ்மாயிலின் ஆதரவும் ஆண்டுக்கணக்கான திட்டமும் அங்கே பின்னால் நிற்கின்றன. அவர்கள் வருமானம் நம்மிடம் இல்லாமல் அவர்கள் செலவை மட்டும் நாம் செய்ய முடியாது.

"பெரிய ஆளை எடுத்தால் மேலே போய்விடலாம்"

நம் குழுவின் கதையே இதற்குப் பதில் சொல்கிறது. 2017-ல் சூப்பர் லீக்கில் கடைசி இடம் பிடித்து இறங்கினோம். 2020-ல் இரண்டாம் நிலை லீக்கான பிரீமியர் லீக்கை வென்று திரும்பினோம். 2021-ல் செக் நாட்டுப் பயிற்றுநர் தோமாஸ் துருக்காவின் கீழ், அப்போதுதான் ஏறி வந்த குழு, ஜொகூருக்கும் கெடாவுக்கும் அடுத்து மூன்றாம் இடத்தில் முடித்தது. அடுத்த ஆண்டே 12 குழுக்களில் 12-ஆவது இடம். லீக்கை மாற்றியமைத்ததால்தான் 2022-ல் இறங்காமல் தப்பித்தோம். ஒரே ஆண்டு இடைவெளியில் மூன்றாம் இடமும் கடைசி இடமும்! யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்ற பட்டியலை மட்டும் வைத்து இதை விளக்கவே முடியாது. சீசன் நடுவில் பயிற்றுநர் மாறினார். ஆட்டக்காரர்களுக்குள் இருந்த புரிதல் குலைந்தது. தோல்வி தோல்வியாகச் சேர்ந்து நம்பிக்கை போயிற்று. இதெல்லாம் எந்த அறிவிப்புப் படத்திலும் தெரியாது.

ஆயர் ஈத்தாமில் லிவர்பூல் ரசிகர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்கு 2024 ஞாபகம் இருக்கும். பயிற்றுநர் கிளாப் போய் ஆர்னே ஸ்லோட் வந்த கோடைக்காலம் அது. எதிர்பார்த்த ஆட்டக்காரர் சுபிமெண்டி வர மறுத்தார். அந்தச் சீசனில் ஆட வந்த ஒரே புது ஆள் இத்தாலியர் கியேசா. இந்த ஆண்டு அவ்வளவுதான் என்று சலித்துக்கொள்ளாத ரசிகர் குறைவு. 2025 ஏப்ரல் 27-ல் டோட்டன்ஹாமை 5-1 என்று அடித்து, நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கையிலேயே லிவர்பூல் பட்டத்தை உறுதி செய்தது. அடுத்த கோடையில் 400 மில்லியன் பவுண்டுக்கு மேல் செலவு. அதில் இசாக் ஒருவருக்கே 125 மில்லியன், பிரிட்டனில் அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை. நவம்பர் கடைசியில் பார்த்தால் 12 ஆட்டங்களில் 9 தோல்வி.

அமெரிக்க பேஸ்பாலில் இந்த ஏக்கம் இன்னும் பெரியது. குளிர்காலம் முழுக்க ரசிகர்கள் யார் யாரை எடுத்தார்கள் என்பதையே பேசிக்கொண்டிருப்பார்கள். 2023-ல் நியூயார்க் மெட்ஸ் குழு, அந்த விளையாட்டு அதுவரை காணாத சம்பளப் பட்டியலோடு சீசனைத் தொடங்கியது. ஷெர்சர், வெர்லாண்டர் என்ற இரண்டு மூத்த பந்துவீச்சாளர்களுக்கு ஆண்டுக்குத் தலா 43 மில்லியன் டாலருக்கு மேல். சீசன் பாதியில் இருவரையும் வேறு குழுக்களுக்கு அனுப்பிவிட்டார்கள். முடிவு 75 வெற்றி, 87 தோல்வி.

பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீண்டகாலக் கணக்கில் அதிகம் செலவழிக்கும் குழுக்களே அதிகம் வெல்கின்றன, ஜொகூரே அதற்குச் சாட்சி. ஆனால் ஓர் இடைவேளையில் எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்பதை வைத்து அடுத்த சீசனை அளப்பது ஏமாற்றத்தில்தான் முடியும்.

"கையெழுத்துப் போட்டாச்சு, அப்புறம் என்ன?"

நம் லீக்கில் பெரும்பாலும் ஆட்டக்காரர்கள் பழைய ஒப்பந்தம் முடிந்து, மாற்றுத் தொகை இல்லாமல்தான் வருகிறார்கள். அதனால் "சும்மா வர்றவனை எடுக்க என்ன தயக்கம்?" என்று கேட்கத் தோன்றும். சும்மா வருபவர் யாரும் இல்லை. கணக்குக்காக ஒரு தொகை வைத்துக்கொள்வோம். மாதம் 30,000 ரிங்கிட், இரண்டு ஆண்டு ஒப்பந்தம். சம்பளம் மட்டுமே 720,000 ரிங்கிட். அதன்மேல் வீடு, விமானச் சீட்டு, முகவர் கட்டணம், வெற்றிக்கான ஊக்கத்தொகை. ஆறாவது மாதத்தில் அவர் நமக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்தால்? மீதி 18 மாதத்துக்கு 540,000 ரிங்கிட் இன்னும் நம் பொறுப்பு. பேசித் தீர்த்தாலும் ஒரு பெருந்தொகை கொடுத்துத்தான் அனுப்ப முடியும்.

இதற்கு மேல் ஃபிஃபா விதி இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், ஆட்டக்காரர் எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். மீதி ஒப்பந்தத்துக்கான இழப்பீட்டையும் கேட்கலாம். தீர்ப்பு வந்தும் கட்டாத குழுவுக்குப் புது ஆட்டக்காரரைப் பதிவு செய்யவே தடை விழும். 2025-26 சீசனில் ஒரு குழு 15 வெளிநாட்டவர் வரை பதிவு செய்யலாம் என்று லீக் கதவைத் திறந்துவிட்டது. "15 இடம் இருக்கே, ஏன் நிரப்பலை?" என்று கேட்பவர்கள், மேலே போட்ட கணக்கை 15 ஆல் பெருக்கிப் பார்க்கட்டும்.

"இப்போது எடுப்போம், காசை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்"

எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை இதுதான். இதற்கு உதாரணம் தேடித் தொலைதூரம் போக வேண்டாம், நமக்கு வடக்கே இருக்கும் கெடாவைப் பார்த்தால் போதும். பத்து ஆண்டுகளாக நாம் பொறாமையோடு பார்த்த குழு அது. 2016-ல் மலேசியக் கிண்ணம், 2017-லும் 2019-லும் எப்.ஏ. கிண்ணம், 2020-லும் 2021-லும் லீக்கில் இரண்டாம் இடம். "கெடாவைப் பாரு, அவன் எடுக்கறான்" என்று எத்தனை முறை கேட்டிருப்போம்! பின்னால் வந்தது சம்பளப் பாக்கி, அதற்குத் தண்டனையாகப் புள்ளிக் குறைப்பு. 2025-26 சீசனுக்குக் கெடாவுக்கு உரிமமே கிடைக்கவில்லை.

பேராக் 2018-ல் மலேசியக் கிண்ணத்தை வென்றது, அந்த ஆண்டு லீக்கில் இரண்டாம் இடம். 2021-ல் சூப்பர் லீக்கிலிருந்து இறங்கியது. பிறகு திரும்பி வந்தும் நிலைக்க முடியவில்லை. 2025-26 சீசன் தொடங்குமுன் லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது. மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் 2023-க்கு உரிமம் பெறாமல் காணாமல் போயின.

சம்பளப் பாக்கி என்பது செய்தித்தாளில் ஒரு வரி. அந்த வரிக்குப் பின்னால் வீட்டு வாடகை கொடுக்க முடியாத ஆட்டக்காரர் இருக்கிறார், கார் தவணை தவறியவர் இருக்கிறார். ஜெர்சி துவைக்கிறவருக்கும் பேருந்து ஓட்டுகிறவருக்கும் அதே நிலைதான், ஆனால் அவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. வெளிநாட்டு ஆட்டக்காரர் வழக்குப் போட்டு வாங்கிக்கொள்வார். இருபது வயது உள்ளூர்ப் பையன், அடுத்த ஒப்பந்தம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து வாயைத் திறக்கமாட்டான். மலேசியத் தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர் சங்கம் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2025-26 சீசனில் கெடா, பேராக் ரசிகர்களுக்கு யாரை எடுத்தார்கள் என்று கோபப்படவே வழியில்லாமல் போயிற்று, சூப்பர் லீக்கில் குழு இருந்தால்தானே?

"பெயர் தெரியாதவர் எதற்கு?"

2016 பிப்ரவரி 16, பண்டாராயா அரங்கம், எதிரணி பகாங். தொலைவிலிருந்து ஃபைஸ் சுப்ரி அடித்த தனி உதை காற்றில் ஒரு பக்கம் கிளம்பி மறுபக்கம் வளைந்து வலையில் விழுந்தது. 2017 ஜனவரியில் சூரிக் மேடையில் ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஸ்காஸ் விருது அவருக்கு, 59 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குகளோடு. கெடாக்காரரான அவர் பினாங்குக்கு வந்தபோது யாரும் வாணவேடிக்கை விடவில்லை. அதே சமயம், விருது வாங்கிய அந்த 2017-லேயே நாம் கடைசி இடத்தில் முடித்து இறங்கினோம் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு கோல் ஊரின் பெருமையாகலாம், அதனால் ஒரு சீசன் காப்பாற்றப்படாது.

"குறை சொல்கிறவன் உண்மையான ரசிகன் இல்லை"

இது இன்னொரு பக்கத்து நம்பிக்கை, இதுவும் தவறு. ஆயர் ஈத்தாம் சாலை, டத்தோ கெராமாட் சாலை என்று மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்துகொண்டு அரங்கத்துக்குப் போகிறவருக்கும், பாலம் கடந்து பத்து காவான் அரங்கம் வரை போகிறவருக்கும் கேள்வி கேட்க உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது? சீட்டுக்குக் காசு கொடுப்பவர் அவர். நிர்வாகம் பொறுமை கேட்டால், எதற்காக, எத்தனை ஆண்டுக்கு என்றும் சொல்ல வேண்டும்.

ஆகவே கேளுங்கள், ஆனால் "புது ஆள் எங்கே?" என்று மட்டும் கேட்காதீர்கள். போன சீசன் சம்பளம் எல்லோருக்கும் முழுதாகப் போய்ச் சேர்ந்ததா? ஊழியர் சேமநிதி கட்டப்பட்டதா? யாரை எடுப்பது என்று முடிவு செய்வது பயிற்றுநரா, வேறு யாருமா? நல்ல ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் முடிவதற்குள் அவர்களைத் தக்கவைக்கப் பேச்சு நடந்ததா? இடைவேளையில் மிகப் பெரிய இழப்பு புது ஆள் வராமல் போவதால் வருவது அல்ல, கையில் இருந்த ஆள் சத்தமில்லாமல் போவதால் வருவது.

"செலவைக் குறைத்தால் நம் பையன்கள் மேலே வருவார்கள்"

நிர்வாகங்கள் விரும்பிச் சொல்லும் பதில் இது. தானாக அப்படி நடப்பதில்லை. வெளிநாட்டவர் பலர் களத்தில் நிற்கும் லீக்கில், உள்ளூர் இளைஞனுக்கு மிச்சமிருப்பது சில இடங்கள்தான். அதிலும் வேறு மாநிலத்திலிருந்து வந்த முப்பது வயதுக்காரர்கள் பாதியை அடைத்துக்கொள்வார்கள். இளையோரை வளர்க்கவும் பணம் வேண்டும். நல்ல பயிற்றுநர், திடல், சத்தான சாப்பாடு, காயத்துக்கு வைத்தியம், படிப்பைக் கெடுக்காத நேர அட்டவணை எல்லாம் வேண்டும். தமிழ்ப்பள்ளித் திடலில் ஆடும் பையனை மாநிலத் தேர்வுக்கு அழைத்துப்போக ஒருவர் வேண்டும். அப்பா இரவு வேலை பார்க்கும் வீட்டில் அதற்கு ஆள் கிடையாது. புது ஆளுக்குக் கொடுக்காத பணம் இந்த இடத்துக்குப் போயிற்றா என்று ரசிகர் பார்க்கலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பிரசிடென்ட் கிண்ணத்தில் ஆடும் நம் இளையோர் குழுவின் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த சீசனில் அதிலிருந்து எத்தனை பேர் சூப்பர் லீக்கில் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று எண்ணினால் போதும்.