வருடங்கள் கூடின, வளர்ந்தேனா?

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. காலை ஜெபமும் வேதவாசிப்பும் தவறுவதில்லை. ஆனாலும் வீட்டில் சட்டென்று கோபம் வந்துவிடுகிறது. ஆவிக்குரிய வாழ்வில் நான் வளர்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு சகோதரி, நாகர்கோவில்

பதில்: சகோதரி, கொரிந்து சபையைப் பாருங்கள். அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், அறிவு என்று வரங்களுக்கு அங்கே குறைவில்லை. இருந்தும் பவுல் அவர்களைக் குழந்தைகள் என்றே எழுதினார். அவர்களுக்குள் இருந்த பொறாமையும் கட்சிச் சண்டையும்தான் காரணம்.

கலாத்தியர் 5-ஆம் அதிகாரம் ஆவியின் கனியாக 9 குணங்களைச் சொல்கிறது. அன்பு, நீடிய பொறுமை, சாந்தம் போன்றவை அடுத்தவரோடு பழகும்போதுதான் சோதிக்கப்படும். ஆகவே உங்கள் வளர்ச்சியை வீட்டாரோடு பேசும் பேச்சில் தேடுங்கள். வந்த கோபம் எவ்வளவு சீக்கிரம் இறங்கியது? முதலில் மன்னிப்புக் கேட்டது யார்?

வேதத்தில் எத்தனை அதிகாரம் முடித்தோம் என்று எண்ணுவதைவிட, இன்று கீழ்ப்படிய வேண்டிய ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்மை தீமையைப் பகுத்தறியும் திறன் பயிற்சியால் வருகிறது என்றே எபிரெயர் நிருபமும் போதிக்கிறது. முகத்துக்கு நேரே உண்மை சொல்லும் ஒரு விசுவாசியிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அந்தியோகியாவில் பேதுருவையே பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கண்டிக்க வேண்டியிருந்தது. திருத்தம் தேவைப்படாத அளவுக்கு யாரும் வளர்ந்துவிடுவதில்லை.

சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதியபோதும், தான் இன்னும் இலக்கை எட்டவில்லை என்றே பவுல் சொன்னார். எனவே சோர்ந்துபோகாதீர்கள். இன்று யாரிடம் சீறினீர்களோ, அவரிடம் பொழுது சாய்வதற்குள் போய்ப் பேசிவிடுங்கள்.