நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஜிப்புக்குள் தொலையும் கொச்சி

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் ஏலமும் சுக்கும் விற்கிற ஏதாவது ஒரு அலுவலகத்தில், கணக்கு பார்ப்பவரின் கணினியைக் கவனித்துப் பாருங்கள். ஜிஎஸ்டி தளத்திலிருந்து இறக்கியது ஜிப்பாக வந்திருக்கும். வளைகுடாவில் சரக்கு வாங்குபவர் ரார் கோப்பாக அனுப்பியிருப்பார். சர்வரின் பேக்கப் டார்.ஜிஇசட் என்று முடியும். முதலாளியின் மகள் மேக்கில் கட்டி அனுப்பிய சரக்குப் படங்கள் வேறு. கோப்புகளின் பெயர்களோ மலையாளம், குஜராத்தி, தமிழ், ஆங்கிலம் என்று கலந்து கிடக்கும். இந்த ஊர் பேசுகிற மொழிகள் அத்தனை.

இவை எல்லாவற்றையும் திறக்கவும் கட்டவும் ஒரே மென்பொருள் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. காக்கநாடு இன்ஃபோபார்க் பக்கம் நிரல் எழுதும் இளைஞர்கள் பலருக்கும் இது கைப்பழக்கத்துக்கு ஏற்ற வேலையாகத் தோன்றும். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் இந்த வகைக் கோப்பைப் பொதி என்றே சொல்கிறேன். பொதி மென்பொருளைப் பற்றி வழக்கத்தில் இருக்கும் நம்பிக்கைகள் சில அதை வடிவமைப்பவரையே தவறான இடத்தில் உழைக்க வைக்கின்றன. உள்ளே போட்டது போட்டபடி வெளியே வர வேண்டும் என்பதே இந்த மென்பொருளின் முதல் கடமை. கோப்பு எவ்வளவு சிறிதாகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம்பிக்கை: சுருக்குவதுதான் இதன் வேலை

யூனிக்ஸின் 7ஆம் பதிப்போடு 1979இல் வந்த டார், ஒரு பைட்டைக்கூடச் சுருக்காது. டேப்பில் எழுதுவதற்காகக் கோப்புகளை 512 பைட் கட்டங்களாக ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும், அவ்வளவுதான். சுருக்கும் வேலையை ஜிசிப் போன்ற இன்னொரு நிரல் வந்து செய்கிறது. பில் காட்ஸ் 1989இல் வெளியிட்ட ஜிப், அடுக்குவதையும் சுருக்குவதையும் ஒரே வடிவத்துக்குள் செய்கிறது. அதைப் பார்த்துப் பழகியவருக்கு இரண்டும் ஒன்று என்றே தோன்றும்.

பல வடிவங்களைக் கையாளும் மென்பொருளை எழுதுபவர் இந்த இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் பிறந்த லிப்ஆர்கைவ் என்ற நூலகம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது: சுருக்கத்தைக் கவனிக்கும் வடிகட்டி ஒரு அடுக்கு, கோப்புகளை அடுக்கும் வடிவம் இன்னொரு அடுக்கு. நாளைக்குப் புதிதாக ஒரு சுருக்கமுறை வந்தால் ஒரு வடிகட்டியை மட்டும் சேர்த்தால் போதும். மைக்ரோசாஃப்ட்டும் 2023இல் விண்டோஸ் 11க்குள் டார், 7இசட், ரார் எல்லாம் திறக்க இந்த நூலகத்தையே எடுத்துக்கொண்டது.

இன்னொன்று. சரக்கின் ஜேபெக் படங்களையும் வீடியோக்களையும் ஜிப் செய்து பார்த்துவிட்டு, அளவு குறையவில்லை என்று மென்பொருளைக் குறை சொல்வார்கள். அவை ஏற்கெனவே சுருங்கியவை. எல்லாக் கோப்பையும் சிறிதாக்கும் முறை என ஒன்று இருக்கவே முடியாது என்பது கணிதம். நல்ல மென்பொருள் இத்தகைய கோப்பை அப்படியே உள்ளே வைத்துவிட்டு நேரத்தை மிச்சப்படுத்தும்.

நம்பிக்கை: பெயரின் கடைசி எழுத்துகளே வடிவத்தைச் சொல்லிவிடும்

மூட்டை மேல் எழுதியிருப்பதை நம்பி எந்த மிளகு வியாபாரியும் விலை பேசுவதில்லை. குத்தூசியைச் செருகி உள்ளிருப்பதை எடுத்துப் பார்ப்பார். மென்பொருளும் அதைத்தான் செய்ய வேண்டும். ஜிப்பின் முதல் இரண்டு பைட்கள் 80, 75; அதாவது பில் காட்ஸின் முதலெழுத்துகளான பி, கே. ஜிசிப் 31, 139 என்று தொடங்கும். டாரின் அடையாளமோ தொடக்கத்தில் இருக்காது, 257ஆவது பைட்டைத் தாண்டித் தேட வேண்டும்; 1979 பாணி டாரில் அதுவும் கிடையாது, தலைப்பின் கூட்டுத்தொகை சரியா என்று கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஆனால் ஜிப்பைத் திறப்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் தொடக்கம் அல்ல, கடைசி. உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல் கோப்பின் வாலில் இருக்கிறது. பாதி இறங்கியதும் இணைப்பு அறுந்துபோன ஜிப் திறக்க மறுப்பது இதனால்தான். டாருக்குப் பட்டியலே இல்லாததால் பாதிக் கோப்பிலிருந்தும் முன்பாதியை எடுத்துவிடலாம். பதிலுக்கு, கடைசிக் கோப்பு ஒன்று மட்டும் வேண்டுமென்றாலும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கடந்து வர வேண்டும். இரண்டுக்கும் ஒரே மாதிரித் திரையைக் காட்டினால், டாரைத் திறப்பவர் ஏன் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

நம்பிக்கை: யூனிகோடு வந்ததும் பெயர்ச் சிக்கல் தீர்ந்தது

எனக்கு மிகவும் கவலை தரும் நம்பிக்கை இது. ஏனென்றால் அடி நம் மொழிகளின் மேல்தான் விழுகிறது.

ஜிப் பிறந்த காலத்தில் கோப்புப் பெயர்கள் ஐபிஎம் கணினியின் 437ஆம் எழுத்துத் தொகுதியில் இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். பெயர் யூடிஎஃப்-8இல் இருக்கிறது என்று சொல்லும் ஒரு கொடி 2006இல்தான் விதிமுறையில் சேர்ந்தது. அந்தக் கொடியை ஏற்ற மறந்த மென்பொருள் கட்டிய ஜிப்பை, விதியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு மென்பொருள் திறந்தால் தமிழ்ப் பெயர் கூளமாகிறது. அந்தக் கூளத்துக்கும் ஒரு முகம் உண்டு. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். முதல் பைட் எப்போதும் 224, அடுத்தது 174 அல்லது 175. பழைய தொகுதியில் 224 என்பது கிரேக்க ஆல்ஃபா. 174, 175 இரண்டும் இரட்டைக் கோண மேற்கோள் குறிகள். ஆல்ஃபாவும் கோணக்குறியும் மாறி மாறி வந்தால் அது தமிழ்ப் பெயர். ஆல்ஃபாவுக்குப் பிறகு கட்டம் போடும் கோட்டுத் துண்டுகள் வந்தால் மலையாளம். அங்கே இரண்டாவது பைட் 180 அல்லது 181. கொடி இல்லாத ஜிப்பிலும் பெயரின் பைட்கள் பிழையில்லாத யூடிஎஃப்-8ஆக அமைந்திருந்தால் அப்படியே படித்துவிடலாம். தற்செயலாக அப்படி அமைவது மிக அரிது. இந்த ஒரு சோதனையைச் சேர்க்க ஒரு பிற்பகல் போதும்.

கொடி சரியாக இருந்தாலும் பிரச்சினை விடுவதில்லை. 'கொச்சி' என்று ஒரு ஃபோல்டருக்குப் பெயர் வையுங்கள். கொ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடு இரண்டு விதமாக எழுத விடுகிறது: ஒரே குறியாக, அல்லது எகரக் குறியும் காலும் என்று இரண்டாக. முதல் விதத்தில் கொச்சி 6 குறிகள், 18 பைட்கள். இரண்டாவதில் 7 குறிகள், 21 பைட்கள். திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புமுறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. விண்டோஸில் தட்டினால் பொதுவாகச் சேர்ந்தே வரும். அப்படிப்பட்ட மேக்கிலிருந்து வந்த பொதியை விண்டோஸில் பிரித்தால், ஏற்கெனவே இருக்கும் கொச்சிக்குப் பக்கத்திலேயே இன்னொரு கொச்சி முளைக்கும். பாதி பில்கள் ஒன்றில், மீதி மற்றொன்றில். எந்த எச்சரிக்கையும் வராது.

ஒகர வகைக் குழப்பத்தை யூனிகோடின் இயல்பாக்க விதிகளால் சரிசெய்யலாம். இரண்டும் ஒன்றே என்று அந்த விதிகள் சொல்கின்றன. மலையாளச் சில்லெழுத்துகளுக்கு அந்த வசதியும் இல்லை. சில்லுகளுக்குத் தனிக் குறி 2008இல், யூனிகோடு 5.1இல்தான் வந்தது. அதற்கு முன் மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என மூன்றைச் சேர்த்து எழுதினார்கள். கொச்சின் என்று மலையாளத்தில் எழுதும்போது கடைசியில் வரும் ன் அப்படிப்பட்ட சில்லு. பழைய பெயரும் புதிய பெயரும் பார்வைக்கு ஒன்று, விதிப்படி வேறு. இவற்றை மென்பொருள் தானாகவே இணைத்துவிடவும் கூடாது, காணாததுபோல விடவும் கூடாது. இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன, ஒரே இடத்தில் வைக்கவா என்று உரியவரைக் கேட்க வேண்டும்.

நீளத்திலும் நாம்தான் மாட்டுகிறோம். டாரின் பழைய தலைப்பில் பெயருக்கு 100 பைட் இடம். மட்டாஞ்சேரி என்பது 33 பைட். மூன்று தடவை எழுதினால் 99 ஆகிவிட்டது, ஆங்கிலத்தில் 100 எழுத்து கொள்ளும் இடம். அதனால் டாரை எழுதும்போது நீண்ட பெயருக்கு இடம் கொடுக்கும் 2001ஆம் ஆண்டின் பாக்ஸ் நீட்சியையே இயல்பாக வைத்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: எத்தனை வடிவம் சேர்க்கிறோமோ அத்தனை நல்லது

படிப்பதும் எழுதுவதும் வேறு வேறு வேலை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ராரை உருவாக்கியவர் யூஜின் ரோஷல். பிரிக்கும் நிரலின் மூலத்தை எல்லோருக்கும் தந்திருக்கிறார். ஆனால் அதை வைத்து ராரின் சுருக்கமுறையை மீண்டும் உருவாக்கக் கூடாது என்று உரிமத்தில் எழுதியிருக்கிறார். ஆகவே உங்கள் மென்பொருள் ராரைத் திறக்கலாம், ராராகக் கட்ட முடியாது. ராராகக் கட்டும் பொத்தானை மங்கலாகக் காட்டிவிட்டு விட்டுவிடாமல், காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள்.

வடிவம் ஒவ்வொன்றோடும் வேறொருவர் எழுதிய நிரலும் உள்ளே வருகிறது. ராருக்கான வின்ரார் மென்பொருள், ஏஸ் என்ற பழைய வடிவத்தைத் திறக்க ஒரு தனி டிஎல்எல் நூலகத்தை வைத்திருந்தது. தீய எண்ணத்தோடு கட்டிய ஏஸ் பொதியைத் திறந்தால், கோப்பு நாம் சொன்ன ஃபோல்டருக்குப் போகாமல் விண்டோஸின் ஸ்டார்ட்அப் ஃபோல்டருக்குப் போய், அடுத்த முறை கணினி எழும்போது தானாக ஓடும். செக் பாயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2019 பிப்ரவரியில் இதை வெளியிட்டபோது அந்த ஓட்டை 19 ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே இருந்திருந்தது. ஏஸ் கோப்பின் பெயரை ரார் என்று மாற்றி அனுப்பினாலும் பலித்தது, ஏனென்றால் வின்ரார் பெயரை விட்டு உள்ளடக்கத்தைத்தான் பார்க்கிறது. மேலே நான் பரிந்துரைத்த அதே நல்ல பழக்கம்! டிஎல்எல்லின் மூலநிரல் கையில் இல்லாததால் வின்ரார்காரர்களால் திருத்த முடியவில்லை. ஏஸ் ஆதரவையே எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் பழைய வடிவங்களைத் தலைமுழுகிவிடலாமா? அதுவும் முடியாது. 1663 முதல் 1795 வரை டச்சுக்காரர் கையில் இருந்த கொச்சியின் ஆவணங்கள் சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டச்சு தெரிந்தவர் இன்றும் உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் 1990களில் ஃபிளாப்பிகளில் ஏஆர்ஜே வடிவத்தில் துண்டு துண்டாகக் கட்டி வைத்த கணக்குகளைப் படிக்க, அந்த வடிவம் அறிந்த மென்பொருள் யாரிடமாவது இருந்தால்தான் உண்டு. எனவே நிறையப் படியுங்கள், கொஞ்சமாக எழுதுங்கள். எழுதுவதற்கு ஜிப், டார், 7இசட் போதும். படிக்கும் நிரல்களை, அதிலும் பழைய வடிவங்களுக்கானவற்றை, உரிமைகள் பிடுங்கப்பட்ட தனிப் பிராசஸில் ஓட விடுங்கள். குறித்த ஃபோல்டரை விட்டு வெளியே போகும் எந்தப் பாதையையும் மறுத்துவிடுங்கள். விரிந்த அளவுக்கு ஒரு வரம்பு வையுங்கள். 2019இல் டேவிட் ஃபிஃபீல்டு என்ற ஆய்வாளர் காட்டிய ஒரு ஜிப், 10 எம்பிதான். விரித்தால் 281 டெராபைட்.

நம்பிக்கை: கடவுச்சொல் போட்டால் பத்திரம்

ஜிப்பின் பழைய பூட்டை பிஹாம், கோச்சர் என்ற குறியாக்க ஆய்வாளர்கள் 1994லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். ஏஇஎஸ் பூட்டு போட்டாலும் வழக்கமான ஜிப்பில் கோப்புகளின் பெயர்கள் வெளியே தெரியும். யாருக்கு என்ன விலைப்பட்டியல் போனது என்பதை அறியப் பெயரே போதும். பூட்டு நன்றாக இருந்து சாவி பிறந்த தேதியாக இருந்தாலும் பயனில்லை. நூறு ஆண்டுகளில் சுமார் 36,525 தேதிகள்தான், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கக் கணினிக்கு நேரமே ஆகாது. மென்பொருள் பழைய பூட்டைத் திறக்கட்டும். புதிதாகப் பூட்டும்போது அதைத் தரவே வேண்டாம்.

நம்பிக்கை: ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் எதுவும் குறையாது

பல வடிவ மென்பொருள்களில் 'மாற்று' என்ற பொத்தான் கவர்ச்சியானது. வடிவங்கள் நினைவில் வைப்பதோ வேறு வேறு. டாரை 7இசட்டாக மாற்றினால் கோப்பு யாருக்குச் சொந்தம் என்ற யூனிக்ஸ் விவரம் போய்விடும். லினக்ஸ் பேக்கப்புக்கு 7இசட்டைப் பயன்படுத்தாதீர்கள் என்று, 7-ஜிப்பை யூனிக்ஸுக்குக் கொண்டுவந்த பி7ஜிப்பின் கையேடே சொல்கிறது.

ஜிப்பின் அடிப்படை நேரக்குறிப்பு டாஸ் காலத்தது. 1980இலிருந்து தொடங்கும், இரண்டு விநாடிக்குக் குறைந்த நுணுக்கம் கிடையாது, எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பும் கிடையாது. மட்டாஞ்சேரியில் காலை 10 மணிக்குச் சேமித்த விலைப்பட்டியல் உடனே துபாய் போகிறது. அங்கே அப்போது மணி 8.30. ஆனால் பிரித்த கோப்பில் 10 என்றே இருக்கும், இன்னும் வராத நேரம். துபாய்க்காரர் 9 மணிக்கு அதே பட்டியலில் ஒரு திருத்தம் செய்தால், எது புதியது என்று நேரத்தை வைத்துத் தீர்மானிக்கும் ஒத்திசைவு மென்பொருள் அவருடைய திருத்தத்தைப் பழையது என்று ஒதுக்கிவிடும். உலக நேரத்தை எழுத ஜிப்பில் கூடுதல் புலம் ஒன்று உண்டு. எழுதும்போது அதைச் சேர்ப்பதும் படிக்கும்போது அதற்கே முன்னுரிமை தருவதும் வடிவமைப்பவர் கையில்தான் இருக்கிறது.

ஆகவே மாற்றும் பொத்தானை அழுத்தியதும் வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. பொதியை ஒரு முறை படித்துவிட்டு, புதிய வடிவம் எவற்றை ஏற்காது என்று உரியவரின் மொழியிலேயே பட்டியல் காட்ட வேண்டும்: இத்தனை கோப்புகளின் உரிமையாளர் விவரம் போகும், இத்தனை நேரக்குறிப்புகள் முழு விநாடியாகும், இந்த இரண்டு பெயர்களும் ஒன்றுபோலத் தெரிகின்றன. அதன்பின் அவர் சரி என்றால் மாற்றட்டும். மாற்றி முடித்ததும் புதிய பொதியை மீண்டும் திறந்து, ஒவ்வொரு கோப்பையும் பைட்டுக்குப் பைட் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பழையதை அழிக்கலாமா என்று கேட்க வேண்டும்.