சுழலும் இருக்கையும் மழலையின் பாதுகாப்பும்

முன்னுரை

வருமுன் காப்பதே அறிவுடைமை என்பர் பெரியோர். அடுப்பங்கரை நெருப்பிலிருந்தும் கொல்லைப்புறக் கிணற்றிலிருந்தும் குழந்தையைக் கண்ணிமைபோல் காக்கும் நாம், வண்டியில் ஏறியவுடன் அந்தக் கவனத்தைத் தளர்த்திவிடுகிறோம். பயணத்தின் மகிழ்ச்சியில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறோம். "தாயின் மடியைவிடப் பாதுகாப்பான இடம் உலகில் உண்டோ?" என்றும் கேட்கிறோம். அன்பைப் பொறுத்தவரை இது முற்றிலும் உண்மை. ஆனால், ஓடும் வண்டியிலும் இது உண்மைதானா என்பதை நாம் வகுப்பில் கற்கும் விஞ்ஞானத்தைக் கொண்டே ஆராய்வோம். குடும்ப வேன்களில் வந்த சுழலும் இருக்கையில் குழந்தையை ஏன் அமர்த்தக்கூடாது என்பதையும் காண்போம்.

நியூட்டனின் விதி கூறுவது

இயங்கும் பொருள், வெளிவிசை தடுக்கும்வரை இயங்கிக்கொண்டே இருக்கும் என்பது நியூட்டனின் முதல் விதி. வண்டி ஓடும்போது அதில் இருக்கும் நாமும் அதே வேகத்தில் சென்றுகொண்டிருக்கிறோம். வண்டி எதன்மீதேனும் மோதி நின்றுவிட்டால் வண்டிதான் நிற்கிறதேயன்றி, நாம் நிற்பதில்லை. நம்மை ஏதேனும் ஒன்று பிடித்து நிறுத்த வேண்டும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். வண்டியின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். குழந்தையின் நிறை 10 கிலோகிராம். மோதலில் பத்தில் ஒரு வினாடிக்குள் குழந்தையை நிறுத்த வேண்டும் எனக் கொள்வோம். இரண்டாம் விதிப்படி தேவைப்படும் விசை 1400 நியூட்டன். இது 140 கிலோ பாரத்தைத் தாங்குவதற்குச் சமம். 25 கிலோ அரிசிப் பைகள் ஐந்தைக் கைகளில் தூக்கி நிறுத்த எந்தத் தாயால் முடியும்? அதுவும் எதிர்பாராத ஒரு கணத்தில்! அன்பில் குறைவில்லை தோழியரே, கைகளின் வலிமைதான் போதவில்லை.

ஏன் பின்னோக்கி அமர வேண்டும்?

குழந்தை என்பது உருவத்தில் சிறிய பெரியவர் அன்று. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தலையே. வளர்ந்தவர்களுக்கோ அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். மேலும் சிசுவின் கழுத்தெலும்புகள் முழுமையாக எலும்பாக மாறாமல், பல பகுதிகள் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. தசைநார்களும் உறுதி பெறவில்லை.

இத்தகைய குழந்தையை முன்பக்கம் பார்த்து அமர்த்தினால், நேருக்கு நேர் மோதலில் வார்கள் உடலைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கனமான தலை முன்னோக்கி வீசப்படும். அந்த இழுப்பு முழுவதையும் மெல்லிய கழுத்து தாங்க நேரிடும். அதனுள் செல்லும் தண்டுவடம் சேதமடைந்தால் அதை மீண்டும் சரிசெய்ய இயலாது. குழந்தையைப் பின்பக்கம் பார்த்து அமர்த்தினாலோ, இருக்கையின் கூடு தலை, கழுத்து, முதுகு ஆகிய மூன்றையும் ஒருசேர ஏந்திக்கொள்கிறது. விசை ஓரிடத்தில் குவியாமல் முதுகு முழுவதும் பரவுகிறது. பிறந்த குழந்தையைத் தூக்கும்போது தலைக்கும் கழுத்துக்கும் கை கொடுத்துத் தூக்கு என்று பாட்டி சொல்வதற்கும் இதுவே காரணம்.

இவ்வகை இருக்கையின் முதல் மாதிரியை 1964ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன் உருவாக்கினார். ராக்கெட் புறப்படும்போது விண்வெளி வீரர்கள் மல்லாந்து படுத்து, முதுகால் விசையைத் தாங்கும் முறையே அவருக்கு இந்த எண்ணத்தைத் தந்தது. அந்நாட்டில் பிள்ளைகள் ஏறத்தாழ நான்கு வயது வரை பின்னோக்கி அமர்ந்தே பயணம் செய்வது வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் டென்னசி மாநிலம், ராபர்ட் சாண்டர்ஸ் என்னும் குழந்தை மருத்துவரின் இடைவிடாத முயற்சியால், குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையை 1978ஆம் ஆண்டு முதல் சட்டமாக்கியது. 1985க்குள் அந்நாட்டின் 50 மாநிலங்களும் இத்தகைய சட்டத்தை இயற்றிவிட்டன.

சுழலும் இருக்கை தரும் குழப்பம்

இப்போது குடும்ப வேனுக்கு வருவோம். அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 2008ஆம் ஆண்டு மாடல் வேன்களில் ஒரு புதுமையைப் புகுத்தியது. நடு வரிசை இருக்கைகள் 180 பாகை சுழன்று, கடைசி வரிசையை நோக்கித் திரும்பும். இடையில் ஒரு சிறு மேசையையும் பொருத்தலாம். குடும்பத்தினர் எதிரெதிரே அமர்ந்து, வீட்டுக் கூடத்தில் இருப்பதுபோல் பேசிச் சிரிக்கலாம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது!

ஆனால் இங்கேதான் ஆபத்து ஒளிந்துள்ளது. "குழந்தை பின்னோக்கி அமர்வது நல்லது, இந்த இருக்கையும் பின்னோக்கித் திரும்புகிறது, ஆகவே இதுவே குழந்தைக்கு ஏற்ற இடம்" என்று ஒருவர் எண்ணிவிடக்கூடும். கணித வகுப்பை நினைவுகூருங்கள். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் கிடைப்பது மிகை எண். அதுபோலவே, பின்னோக்கித் திரும்பிய வேன் இருக்கைமீது பின்னோக்கிய குழந்தை இருக்கையை வைத்தால், குழந்தை வண்டி செல்லும் திசையைப் பார்த்தே அமரும்! எந்த ஆபத்திலிருந்து காக்க விரும்பினோமோ அதிலேயே கொண்டுபோய் வைத்தவர்கள் ஆவோம்.

"அப்படியானால் முன்னோக்கிய குழந்தை இருக்கையை அதன்மேல் வைத்தால் குழந்தை பின்பக்கம் பார்க்குமே?" என்று புத்திசாலித் தோழி ஒருத்தி கேட்கலாம். அதுவும் கூடாது. குழந்தை இருக்கைகள் யாவும் முன்னோக்கிய வாகன இருக்கைமீது பொருத்தியே சோதிக்கப்படுகின்றன. சாய்வின் அளவு, பெல்ட் செல்லும் வழி, மேல்வாரை மாட்டும் கொக்கி ஆகிய அனைத்தும் அதற்கேற்பவே அமைக்கப்பட்டுள்ளன. ஆகவே, பின்னோக்கியோ பக்கவாட்டிலோ திரும்பிய வாகன இருக்கையில் வைக்கக்கூடாது என்று குழந்தை இருக்கைகளின் குறிப்பேடுகள் கூறுகின்றன. சோதித்து அறியாத முறையை ஒரு மழலையின் உயிரை வைத்துச் சோதிக்கலாமா?

இதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத மற்றொரு பொருளும் உண்டு. வேன் இருக்கை அசையாமல் இருக்க, குழந்தை இருக்கை மட்டும் சுழலும் வகை அது. கதவுப்பக்கம் திருப்பிக் குழந்தையை எளிதாக அமர்த்தி, வார் மாட்டலாம். இது நல்ல வசதியே. ஆயினும் வண்டி புறப்படுமுன் அதைப் பின்னோக்கித் திருப்பி, நன்கு பூட்டிக்கொண்டதா என்று அசைத்துப் பார்ப்பது அவசியம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. குழந்தை இருக்கையோ, உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கையோ தேவைப்படும் பிள்ளைகளை முன்னோக்கிய வாகன இருக்கையில் மட்டுமே அமர்த்த வேண்டும். சுழலும் இருக்கையானால் முன்னோக்கித் திருப்பிப் பூட்டிய பின்னரே பொருத்த வேண்டும்.

2. பெரியவர்கள் திரும்பிய இருக்கையில் அமர்ந்தாலும் சீட் பெல்ட் அணிய வேண்டும். தலைத்தாங்கியும் சரியான உயரத்தில் இருக்க வேண்டும். வண்டி ஓடும்போது இருக்கையைச் சுழற்றலாகாது.

3. இடையிலுள்ள மேசைமீது புட்டி, டிபன் பாத்திரம் முதலியவற்றை வைக்கக்கூடாது. அவற்றுக்கும் நியூட்டன் விதி பொருந்தும்!

4. குழந்தை இருக்கை தன் எடைக்கும் உயரத்திற்கும் குறித்துள்ள எல்லையை எட்டும்வரை குழந்தை பின்னோக்கியே அமர வேண்டும். 2018ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் இதையே பரிந்துரைக்கிறது. கால் மடங்குகிறதே என்று கவலைப்பட வேண்டாம். குழந்தைகள் சம்மணமிட்டு மகிழ்ச்சியாகவே இருப்பார்கள்.

5. காற்றுப்பை இயங்கும் முன் இருக்கையில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்கக்கூடாது. விரியும் காற்றுப்பை குழந்தையின் தலைக்குப் பின்புறத்தில் பெரும் விசையுடன் தாக்கும்.

6. பொருத்திய இருக்கை, பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்து அசைத்தால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது. தோள்வாரை விரல்களால் கிள்ளிப் பிடிக்க முடியாத அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும்.

நம் நாட்டில்

இது அயல்நாட்டுக் கதைதானே என்று ஒதுக்கிவிடலாகாது. நம் ஊர்களில் ஓடிய சில சிறிய வேன்களிலும் நடு இருக்கை பின்பக்கம் பார்த்தே அமைந்திருந்தது. 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம், 14 வயது நிரம்பாத பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தைக்கான பாதுகாப்பு அமைப்போ இன்றி வண்டியில் ஏற்றிச் செல்வோருக்கு 1000 ரூபாய் அபராதம் விதிக்கிறது.

குழந்தை இருக்கையின் விலை எல்லா வீட்டாருக்கும் எட்டக்கூடியதன்று என்பதை நான் அறிவேன். வாடகை வண்டியில் அதை எதிர்பார்க்கவும் முடிவதில்லை. ஆனால் வேகத்தைக் குறைப்பதற்குப் பணம் தேவையில்லை. வேகம் பாதியானால் இயக்க ஆற்றல் கால் பங்காகிவிடும். ஆகவே, இருக்கை வாங்க இயன்றவர்கள் வாங்கட்டும். இயலாதவர்கள் குழந்தையுடன் பின் இருக்கையில் அமர்ந்து, "ஐயா, மெதுவாகப் போங்கள்" என்று ஓட்டுநரிடம் சொல்லத் தயங்காதிருக்கட்டும்.

முடிவுரை

இருக்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதன்று கேள்வி. வண்டி செல்லும் திசைக்கு எதிராகக் குழந்தையின் முதுகு தாங்கப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. இதனை நினைவில் கொண்டால் எந்தப் புதுமை வந்தாலும் நாம் ஏமாற மாட்டோம். அன்புத் தோழியரே! நம்மில் பலருக்குத் தம்பி தங்கையர் இருக்கிறார்கள். அக்காமார், அத்தைமார் வீடுகளில் மழலைகள் இருக்கிறார்கள். அடுத்த முறை வண்டி புறப்படுமுன் ஒரு நிமிடம் அந்த இருக்கையைப் பாருங்கள், அசைத்துப் பாருங்கள், பெரியவர்களிடம் பணிவுடன் எடுத்துச் சொல்லுங்கள். மடியில் தருவது அன்பு; இருக்கையில் தருவது காப்பு. பேச அறியாத மழலைக்கு இரண்டும் வேண்டும்.

– பத்தாம் வகுப்பு மாணவி