சூறாவளிக்குப் பின்னர் வெளிநாட்டு அவசர உதவி: நர்கிஸ் (2008) ஓர் ஆய்வு



"அனர்த்தம் ஒன்றின்போது வெளிநாட்டு உதவியின் முக்கியத்துவத்தை விளக்குக" என்ற வகையான வினாக்களுக்கு உங்களிற் பலர் "உணவு, மருந்து, உடை கிடைக்கும்" என்று ஒரு வரியில் விடையை முடித்துவிடுகிறீர்கள். அது பிழையன்று, ஆனால் போதாது. உதவி எப்போது வந்தது, யார் அனுமதித்தார், யாருடைய கைக்குச் சென்றது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லும்போதே விடை முழுமை பெறும். இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் 2008இல் மியன்மாரைத் தாக்கிய நர்கிஸ் சூறாவளியாகும். எனவே இப்பாடத்தை மனனம் செய்யாமல் விளங்கிப் படியுங்கள்.

1. நிகழ்வு

2008 ஏப்ரல் மாத இறுதியில் வங்காள விரிகுடாவில் நர்கிஸ் உருவாகியது. வடக்கு நோக்கிச் செல்லும் என முதலில் கருதப்பட்ட இச்சூறாவளி கிழக்கே திரும்பி, மே 2ஆம் திகதி ஐராவதி ஆற்றின் கழிமுகப் பகுதியைத் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு 160 கிலோ மீற்றரை விஞ்சியிருந்தது. எனினும் உயிர்களைக் கூடுதலாகப் பறித்தது காற்றன்று. காற்றினால் தள்ளப்பட்டு 3 முதல் 4 மீற்றர் வரை உயர்ந்து நிலத்தினுள் புகுந்த கடல் நீராகும். இதனைப் புயல் அலையெழுச்சி என்பர்.

மியன்மார் அரசின் கணக்கின்படி இறந்தோர் 84,537 பேர். காணாமற்போனோர் 53,836 பேர். இரண்டையும் கூட்டினால் 138,000ஐத் தாண்டுகிறது. பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 24 இலட்சம் பேர்.

2. இழப்பு அதிகரித்தமைக்கான காரணங்கள்

• கழிமுகம் தாழ்வான சமதரையாக இருந்தமை. மேடான நிலம் இன்மையால் மக்கள் ஓடித் தப்ப இடமிருக்கவில்லை.
• கண்டற் காடுகள் நெற்செய்கைக்காகவும் இறால் வளர்ப்புக்காகவும் விறகுக்காகவும் நீண்டகாலமாக அழிக்கப்பட்டிருந்தமை.
• வீடுகள் மூங்கிலாலும் ஓலையாலும் அமைந்திருந்தமை. சூறாவளிப் புகலிடக் கட்டடங்கள் இல்லாமை.
• எச்சரிக்கை கிராமங்களை உரிய முறையிற் சென்றடையாமை. இந்திய வானிலை ஆய்வுத் துறை முன்கூட்டியே தகவல் வழங்கியிருந்தபோதும், அத்தகவல் மக்களை வெளியேற்றும் நடவடிக்கையாக மாறவில்லை.

3. அவசர உதவி என்பது யாது?

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். நர்கிஸினால் இறந்தோரில் மிகப் பெரும்பாலானோர் முதலாவது இரவிலேயே இறந்துவிட்டனர். எந்த வெளிநாட்டு உதவியும் அவர்களைக் காப்பாற்றியிருக்க முடியாது. அவசர உதவி காப்பாற்ற முனைவது உயிர் தப்பியவர்களையே. கிணறும் குளமும் உப்பு நீரால் நிறைந்துவிட்டன, நெற்களஞ்சியம் அடித்துச் செல்லப்பட்டுவிட்டது, கூரை இல்லை, மழைக்காலமோ தொடங்கவிருக்கிறது. இந்நிலையில் குடிநீர், நீர் சுத்திகரிப்பு மாத்திரைகள், சமைக்காமல் உண்ணக்கூடிய உணவு, கூடாரம், தறப்பாள், நுளம்புவலை, வயிற்றோட்டத்திற்கான ஜீவனி, வைத்தியர்கள், இவற்றைக் கொண்டுசெல்லப் படகுகள், ஹெலிகொப்டர்கள் என்பன நாட்கணக்கில் அல்லாமல் மணிக்கணக்கில் தேவைப்படும். எனவே அவசர உதவியின் பெறுமதி அதன் அளவில் மாத்திரமன்றி அது வந்து சேரும் நேரத்திலும் தங்கியுள்ளது.

4. உதவி தடைப்பட்ட விதம்

அக்காலத்தில் மியன்மாரை ஆண்டது ஜெனரல் தான் ஷ்வே தலைமையிலான இராணுவ அரசாகும். பொருட்களை ஏற்கிறோம், ஆனால் ஆட்களை ஏற்கமாட்டோம் என்பதே அதன் நிலைப்பாடாக இருந்தது.

• வெளிநாட்டு நிவாரணப் பணியாளர்களின் விசா விண்ணப்பங்கள் தாமதிக்கப்பட்டன. விசா பெற்றோரும் யங்கூன் நகரைத் தாண்டிக் கழிமுகத்திற்குச் செல்ல அனுமதிக்கப்படவில்லை.
• உலக உணவுத் திட்டம் அனுப்பிய உயர்சத்து பிஸ்கற்றுகளை அரசு யங்கூன் விமான நிலையத்திற் கையகப்படுத்தியதால், மே 9ஆம் திகதி அந்நிறுவனம் தன் விமானங்களைத் தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது.
• மறுநாள், மே 10ஆம் திகதி, புதிய அரசியலமைப்புக்கான மக்கள் தீர்ப்பு வாக்கெடுப்பை அரசு நடத்தியது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் மாத்திரம் அது மே 24 வரை பிற்போடப்பட்டது.
• அமெரிக்க, பிரித்தானிய, பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்கள் நிவாரணத்துடன் கரைக்கு அப்பால் காத்திருந்தன. அவற்றுக்கு அனுமதி கிடைக்கவில்லை. எனினும் அமெரிக்கச் சரக்கு விமானங்கள் மே 12 முதல் யங்கூனில் இறங்க அனுமதிக்கப்பட்டன.

5. அரசின் வாதமும் அதற்கான பதிலும்

பரீட்சையில் இரு பக்கத்தையும் எழுதும் மாணவனுக்கே உயர்ந்த புள்ளி கிடைக்கும். இராணுவ அரசு அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. அதனைக் கடுமையாகக் கண்டித்துப் பொருளாதாரத் தடை விதித்த நாடுகளின் போர்க்கப்பல்களே நிவாரணத்துடன் வந்து நின்றன. சர்வதேச விதியும் ஓரளவுக்கு அரசின் பக்கமே இருந்தது. 1991 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய 46/182ஆம் இலக்கத் தீர்மானம், மனிதாபிமான உதவி பாதிக்கப்பட்ட நாட்டின் சம்மதத்துடன் வழங்கப்பட வேண்டும் எனக் கூறுகிறது.

பிரான்சின் வெளிவிவகார அமைச்சர் பேர்னார்ட் குஷ்னர், "பாதுகாக்கும் பொறுப்பு" என்ற கோட்பாட்டின் கீழ் அனுமதியின்றியும் உதவி வழங்கலாம் என வாதிட்டார். ஆனால் 2005இல் உலகத் தலைவர்கள் ஏற்றுக்கொண்ட அக்கோட்பாடு இனப்படுகொலை, போர்க்குற்றம், இனச்சுத்திகரிப்பு, மனிதகுலத்திற்கு எதிரான குற்றம் ஆகிய நான்குக்குமே உரியது. இயற்கை அனர்த்தம் அதில் அடங்காது.

ஆயினும் அதே 46/182 தீர்மானம், தன் எல்லைக்குள் பாதிக்கப்பட்டோரைப் பராமரிக்கும் முதற்பொறுப்பு அந்நாட்டுக்கே உரியது என்றும், நிவாரணப் பணியை இலகுபடுத்த வேண்டும் என்றும் கூறுகிறது. ஆகவே இறைமை என்பது கதவைப் பூட்டும் உரிமை மட்டுமன்று. உள்ளே இருப்போரைக் காக்கும் கடமையும் ஆகும்.

6. தடை நீங்கிய விதம்

தீர்வு போர்க்கப்பல்களால் வரவில்லை. அயலவர்களின் பேச்சுவார்த்தையால் வந்தது. மே 19இல் சிங்கப்பூரில் கூடிய ஆசியான் வெளிவிவகார அமைச்சர்கள், உதவியைத் தமது அமைப்பினூடாக ஒருங்கிணைக்க முடிவு செய்தனர். மே 23இல் ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கீ மூன், தான் ஷ்வேயை நேரிற் சந்தித்து நிவாரணப் பணியாளர்களுக்கான அனுமதியைப் பெற்றார். பின்னர் மியன்மார் அரசு, ஆசியான், ஐ.நா. ஆகியன இணைந்த முத்தரப்புக் குழு இயங்கியது. ஆனால் அதற்குள் மூன்று வாரங்கள் கழிந்துவிட்டன.

அந்த மூன்று வாரங்களும் மக்களைத் தாங்கியவர்கள் யார்? உள்ளூர் மக்களே. பௌத்த மடாலயங்கள் புகலிடங்களாயின. யங்கூன்வாசிகள் தமது வாகனங்களில் அரிசியும் உடையும் ஏற்றிச் சென்றனர். அவ்வாறு தொண்டர்களைத் திரட்டிய நகைச்சுவைக் கலைஞர் சர்கனார், அரசின் செயற்பாட்டை விமர்சித்தமையால் ஜூனில் கைது செய்யப்பட்டு, 2011 ஒக்டோபரிலேயே விடுதலையானார். அஞ்சப்பட்ட அளவுக்குப் பெருந்தொற்றுநோய் பரவாமைக்கு இத்தகைய உள்ளூர் முயற்சிகளும் ஒரு காரணமாகும்.

7. ஒப்பீடு: பங்களாதேஷ் 1991

1991 ஏப்ரல் 29இல் பங்களாதேஷைத் தாக்கிய சூறாவளியிலும் ஏறத்தாழ 138,000 பேர் இறந்தனர். அங்கு அரசு உதவியை ஏற்றது. வளைகுடாப் போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்கக் கடற்படையணி ஹெலிகொப்டர்களுடன் வந்து நீரும் உணவும் வழங்கியது. நிவாரணத்தின் தலைமை பங்களாதேஷ் அரசிடமே இருந்தது. வெளிநாட்டுப் படையினரில் பெரும்பாலோர் இரவில் கப்பல்களுக்கே திரும்பினர். இறைமையை இழக்காமலேயே உதவி பெறலாம் என்பதற்கு இது சான்றாகும்.

அந்நாடு அத்துடன் நின்றுவிடவில்லை. புகலிடக் கட்டடங்களையும் எச்சரிக்கைத் தொண்டர் அமைப்பையும் விரிவுபடுத்தியது. 2007 நவம்பரில் வந்த வலிமைமிக்க சிட்ர் சூறாவளியில் இறந்தோர் ஏறத்தாழ 3,400 பேர். வெளிநாட்டு உதவியைவிட முன்னாயத்தம் கூடுதல் உயிர்களைக் காக்கும் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

2025 நவம்பரில் டித்வா சூறாவளி நமது நாட்டைத் தாக்கியபோது இந்தியா முதலிய நாடுகளின் மீட்புக் குழுக்கள் வந்ததை நீங்கள் அறிவீர்கள். அந்த அனுபவத்தை மேற்கூறிய மூன்று கேள்விகளுடனும் பொருத்திப் பாருங்கள்.

மாதிரி வினா

"அவசர உதவியின் பயன் அது கிடைக்கும் நேரத்திலேயே தங்கியுள்ளது." நர்கிஸ் சூறாவளியை ஆதாரமாகக் கொண்டு இக்கூற்றை ஆராய்க.

விடைக்கான குறிப்புகள்

(அ) உயிர் தப்பியோரின் உடனடித் தேவைகள் இரண்டு.
(ஆ) தாமதத்திற்கான காரணங்கள் இரண்டு.
(இ) அரசின் அச்சமும், அதற்கு மாற்றாக 1991 பங்களாதேஷ் உதாரணமும்.
(ஈ) ஆசியானின் பங்கு.
(உ) முடிவுரை: நேரம் முக்கியம்; எனினும் முன்னாயத்தமும் உள்ளூர் மக்களின் உதவியும் அதைவிட முந்தி வருவன.

கவனிக்க: ஆண்டு, இடம், எண்ணிக்கை ஆகியவற்றைத் தவறின்றி எழுதுக. 138,000 என்பது இறந்தோரும் காணாமற்போனோரும் சேர்ந்த தொகை என்பதை மறவாதீர்கள். அந்த எண்ணிக்கையில் உங்கள் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை மனதிற் கொண்டு எழுதினால், விடை தானாகவே ஒழுங்காக அமையும்.