பழைய தையற் போர்வை: வெட்டுவதா, வைத்திருப்பதா?

எமது தையல் வகுப்புக்கு ஒருநாள் ஒரு தாயார் உரப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு போர்வை இருந்தது. பழைய நூற்சேலைகளை மூன்று படையாக அடுக்கி, நெருக்கமாக நூலோட்டித் தைத்த போர்வை. அவருடைய தாயார் தைத்தது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது கைக்கெட்டியதை அள்ளி முடிந்த முடிச்சு இதுதானாம். இப்போது ஒரு மூலையை எலி கடித்திருக்கிறது. நடுவில் மண்ணெண்ணெய்க் கறை. ஓரமெல்லாம் பூஞ்சணம்.

“ரீச்சர், இது இனிப் போர்க்க உதவாது. வெட்டி, பேத்திக்குப் பள்ளிக்கூடப் பையாய்த் தைச்சால் என்ன?” என்று கேட்டார்.

வகுப்பில் பாதிப்பேர் தைக்கச் சொன்னார்கள். மற்றப் பாதிப்பேர் தாயின் கைவேலையில் கத்தரிக்கோல் வைப்பதா என்று முகஞ்சுளித்தார்கள். எமக்கும் உடனே பதில் வரவில்லை. “ஒரு கிழமை பொறுங்கோ அம்மா” என்று தவணை கேட்டோம். அந்த ஒரு கிழமையில் தேடிப் படித்ததையும் யோசித்ததையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம். பல வீட்டுப் பெட்டகங்களில் இப்படி ஒரு துணி இருக்கும் என்பது எமது எண்ணம்.

வெட்டுவது பிழை என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. இத்தகைய போர்வையே பழந்துணியை வெட்டிப் பிறந்ததுதான். வங்காளத்துக் கிராமப் பெண்கள் தைக்கும் காந்தாவை எடுத்துக்கொள்வோம். உடுத்துத் தேய்ந்த சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே அவற்றை இணைப்பார்கள். அந்த நூலோட்டத்தில் தாமரை, மீன், யானை, தேர் எல்லாம் உருவாகும். புதுத்துணி வாங்க வசதியில்லாத வீட்டிலும் பிறந்த குழந்தையைச் சுற்ற ஒரு மெத்தென்ற துணி இருந்தது. தைத்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. கிராமக் கலைகளில் ஈடுபாடு கொண்ட குருசதய் தத் என்ற அரசாங்க அதிகாரி (1882–1941) சேகரித்த காந்தாக்களில் ஒன்று இதற்கு விலக்கு. மானதாசுந்தரி என்ற பெண் அதைத் தன் தகப்பனாருக்கென்று தைத்து, தன் பெயரையும் அதிலேயே ஊசியால் எழுதிவைத்தாள். அந்த எழுத்து இல்லாவிட்டால் அதுவும் பெயரில்லாத நல்ல கைவேலையாகவே போயிருக்கும்.

அமெரிக்காவிலிருந்தும் ஓர் உதாரணம். அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவொன்றினுள் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. பருத்தித் தோட்டத்து அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினர் வாழும் ஏழைக் கிராமம். அங்கே மிசூரி பெட்வே என்ற பெண், 1942இல், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அவருடைய துணிக்குள்ளேயே படுத்துறங்கவும் தாய் அதைத் தைத்தார் என்று மகள் பிற்காலத்தில் சொன்னார். 2002இல் ஹூஸ்ரன் நகரில் தொடங்கிய கண்காட்சியில் உலகம் அதைப் பார்த்தது. வயலில் வெளிறிய நிறத்தை யாராவது “பழுது” என்று நினைத்து வெட்டி எறிந்திருந்தால் அந்த மனிதனின் உழைப்பின் அடையாளமும் அதோடு போயிருக்கும். அதே ஊரில் பழைய போர்வைகளை எரித்து அந்தப் புகையில் நுளம்பு விரட்டியவர்களும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல நாம் யார்? நுளம்புக் கடி அவர்களுக்கல்லவா தெரியும்.

அந்த நாட்டுச் சந்தையில் கிழிந்த பழைய போர்வைக்குக் ‘கட்டர்’ என்றே பெயர். வெட்டுவதற்குரியது என்று பொருள். 2020ஐ அடுத்த ஆண்டுகளில் இவற்றைக் குளிர்ச்சட்டையாகத் தைத்துப் போடுவது அங்கே நாகரிகமாயிற்று. நல்ல போர்வைகளும் இதில் அழிகின்றன என்று ஒரு சாரார் முறையிட்டார்கள். பெட்டிக்குள் உக்குவதைவிட உடுத்துவது மேல் என்றார்கள் மறுசாரார். எமக்கு இரண்டிலும் பாதிதான் சரியாகப் படுகிறது. முதலில் துணியைப் பார்க்கவேண்டும். பிறகு அது யாருடையது என்று கேட்கவேண்டும்.

துணியைப் பார்ப்பது இப்படி. வெளிச்சமான நிழலில் வெள்ளை விரிப்பின்மேல் போர்வையை விரியுங்கள். தூக்கி உதறவேண்டாம். ஒவ்வொரு நிறத்துண்டையும் தனித்தனியே கவனியுங்கள். ஒரே போர்வையில் நீலத்துண்டு உறுதியாகவும் பக்கத்துக் கபிலத்துண்டு பொடியாகவும் இருப்பதைக் காணலாம். முற்காலத்தில் கபிலமும் கறுப்பும் ஏற்ற இரும்பு உப்புச் சேர்த்தார்கள். அந்த இரும்பு காலப்போக்கில் நூலையே அரித்துவிடும். பழைய பட்டிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மேல்நாட்டுப் பட்டுக்கு நிறை கூட்ட உலோக உப்பேற்றி விற்றார்கள். அது மடிப்பு மடிப்பாக வெடித்துக் கிழியும். அப்படிக் கிழிந்ததை எந்த ஊசியாலும் பொருத்த முடியாது. ஊசி போகும் இடமெல்லாம் புதிதாய்க் கிழியும்.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். நைந்த துணியில் பை தைக்கலாகாது. புத்தகப் பாரம் ஒரு மாதத்தில் அதைப் பிய்த்துவிடும். போர்வையும் இல்லை, பையும் இல்லை என்றாகிவிடும். வெட்டத்தான் வேண்டுமென்றால் உறுதியான பகுதியை மட்டும் எடுத்து, பின்னால் புதிய பருத்தித்துணி வைத்து, பாரம் சுமக்காத ஒன்றாகத் தையுங்கள். சிறு தலையணை உறை போதும். சட்டமிட்டு மாட்டுவதானால் கண்ணாடி துணியைத் தொடாதிருக்கட்டும், வெயில் படாத சுவராக இருக்கட்டும்.

பூஞ்சணத்தை ஈரத்தோடு தேய்த்தால் அது உள்ளே ஊறும். காற்றோட்டமான நிழலில் நன்றாகக் காயவிட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் தட்டி எடுங்கள். கழுவ விரும்பினால் முதலில் ஒவ்வொரு நிறத்திலும் ஈரமான வெள்ளைத்துணியைச் சற்று நேரம் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் கழுவும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒட்டாவிட்டாலும், துணி உறுதியாக இருந்தால் மட்டுமே, அகன்ற பாத்திரத்தில் பழைய படுக்கை விரிப்பொன்றின்மேல் போர்வையைக் கிடத்தி, மென்மையான சவர்க்காரம் கொஞ்சமே கரைத்த நீரில் ஊறவையுங்கள். நல்ல தண்ணீரில் பலமுறை அலசியபின் விரிப்போடு சேர்த்துத் தூக்கித் தட்டையாகக் காயவிடுங்கள். கொடியில் போட்டால் ஈரப்பாரமே தையலை அறுத்துவிடும். வெளிற்றும் தூள் வேண்டவே வேண்டாம்.

வைத்திருப்பது என்று முடிவெடுத்தவர்கள் போர்வையைப் பொலித்தீன் பையில் கட்டிவைக்கக் கூடாது; ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் மீண்டும் வரும். கழுவிக் காய்ந்த பழைய பருத்தி விரிப்பில் சுற்றி வையுங்கள். மடித்தால் சில மாதங்களுக்கொருமுறை மடிப்பை மாற்றுங்கள். கிழிசலுக்கு அடியில் ஒத்த நிறத் துணி வைத்துப் பருத்தி நூலால் தளர்வாகத் தையுங்கள். நைலோன் நூல் பழந்துணியை அறுக்கும். கிழிந்த துண்டை வெட்டி அகற்றாமல் அப்படியே அமத்தித் தைப்பதே முறை.

துணியைப் பற்றி இவ்வளவும் சொல்லலாம். யாருடையது என்ற கேள்விக்கு ஊசியும் நூலும் பதில் தராது. தைத்தவர் யாரென்று தெரியாமல், எங்கோ மலிவாக வாங்கிய கிழிந்த போர்வையை வெட்டத் தயங்கவேண்டியதில்லை. தைத்தவரும் தெரியும், அவருடைய சேலைகள் எவை என்றும் சொல்ல ஆளிருக்கிறது என்றால் நாம் முழுதாக வைக்கும் பக்கமே சாய்வோம். இன்று வைத்ததை நாளைக்கும் வெட்டலாம். வெட்டியதை என்ன செய்ய? ஆனால் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் வைத்திருப்பது மனத்தாங்கலுக்கு இடமாகும். அங்கே கூடிப்பேசி, மூன்றாகப் பிரிப்பதுதான் நியாயம் என்று பட்டால் பிரிக்கட்டும். எதற்கும் முன்னதாக முழுப் போர்வையையும் இருபக்கமும் படமெடுத்து வைப்பது நல்லது.

அடுத்த கிழமை அந்த அம்மா வந்தார். போர்வையை விரித்து எல்லோருமாகப் பார்த்தோம். நடுப்பகுதி எதிர்பார்த்ததைவிட உறுதியாக இருந்தது. ஓரிடத்தைக் காட்டி, “இது அம்மா என்னைப் பெறேக்கை கட்டியிருந்த சீலை” என்றார். அந்தச் சீலையை அவர் கண்டதில்லை. தாய் சொல்லித்தான் தெரியுமாம். பை என்ற பேச்சு அதோடு நின்றது. பேத்திக்கு வகுப்பிலேயே புதுத்துணியில் ஒரு பை தைத்தோம். எலி கடித்த மூலையில் தானாகக் கழன்று வந்த துண்டுகளைக்கூட அவர் எறியவில்லை. ஊசி குத்திவைக்கும் சிறு மெத்தைக்குள் அடைத்துக்கொண்டார்.

மண்ணெண்ணெய்க் கறையை எடுக்க முயலவில்லை. எந்த வீட்டில், எந்த விளக்கிலிருந்து ஊற்றுப்பட்டதென்று அவருக்கு நினைவிருக்கிறது.

கடைசியாக, பருத்தி நாடாவில் பென்சிலால் விபரம் எழுதி உட்பக்க ஓரத்தில் தைக்கச் சொன்னோம். தாயாரின் பெயரையும் ஊரையும் எழுதினார். தைத்த ஆண்டு தெரியவில்லை. பெரியக்காவிடம் கேட்டு எழுதுவதாகச் சொல்லி, நாடாவில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்.