ஒற்றியூருக்கு நாள் பார்த்துப் போங்கள்

வள்ளூர், அத்திப்பட்டுப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் திருவொற்றியூர் ஒரு யாத்திரையே இல்லை. அத்திப்பட்டு புதுநகரில் மின்சார ரயில் ஏறினால் எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், அடுத்தது திருவொற்றியூர். பக்கத்தில்தானே என்று நினைத்த நேரத்தில் கிளம்பிவிடுகிறோம். வடிவுடையம்மனைக் கும்பிட்டு, குங்குமம் வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடிக்கிறோம். பல வருடங்கள் அப்படிப் போய்வந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது: அந்த ஊரில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாள் உண்டு. எதைப் பார்க்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு அதற்கேற்ற நாளில் போக வேண்டும்.

பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுப்பது பௌர்ணமியை. காலையில் மீஞ்சூரை அடுத்த மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். இச்சை, ஞானம், கிரியை என்று மூன்று சக்திகளாக ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் இது. வெள்ளிக்கிழமையில் பௌர்ணமி வந்தால் கூட்டம் சொல்லி மாளாது. வேன் பிடித்துப் போகிறவர்கள் சாலையில்தான் பாதி நாளைக் கழிப்பார்கள், நம் பக்கத்துக் கன்டெய்னர் லாரிகளைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? ரயில்தான் உத்தமம். மேலூர் முடித்து மீஞ்சூரில் ஏறித் திருவொற்றியூர். அங்கிருந்து பேசின் பிரிட்ஜ் போய் ஆவடி பக்கம் போகும் வண்டிக்கு மாறினால் திருமுல்லைவாயில் நிலையம். கும்மிடிப்பூண்டி தடத்தில் மதிய நேரத்தில் வண்டிகளுக்கு இடையே இடைவெளி அதிகம், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். முழங்கால் வலியோடு கட்டுச்சோறும் கட்டிக்கொண்டு இந்த மூன்றையும் சுற்றிவிட்டு வருவார். "ஏன் பெரியம்மா, நமக்கு மேலூர் கூப்பிடு தூரம். வாரம் ஒண்ணாப் பார்க்கலாமே?" என்று கேட்டேன். "ஒரே நாள்ல பார்த்தாத்தான்டா பார்த்த மாதிரி" என்றார். அவருக்கு அது சரி. ஆனால் கோயிலையும் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்குப் பௌர்ணமி உதவாது என்பது என் கட்சி. வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்க முடியும்.

மூலவர் ஆதிபுரீசுவரர் விஷயம் வேறு. வருடம் முழுவதும் அவர் கவசத்துக்குள்தான் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தை எடுத்துப் புனுகும் தைலமும் சாத்துவார்கள். புற்று வடிவான திருமேனியை அப்போதுதான் பார்க்கலாம். முதல் நாள் மாலையில் தள்ளுமுள்ளு. கடைசி நாள், கவசம் சாத்துவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்ற பரபரப்பு. நடுநாள் விடியற்காலைதான் எனக்கு ஒத்துவந்தது.

கல்லைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் எந்த விசேஷமும் இல்லாத ஒரு செவ்வாய், புதன் காலையில் போங்கள். பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தி மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறப்பார்கள், எனவே ஏழு, எட்டு மணிக்கே உள்ளே இருப்பது நல்லது. கருவறையின் பின்புறம் போய் நில்லுங்கள். விமானம் சதுரமாக இல்லாமல், படுத்திருக்கும் யானையின் பின்பக்கம் போல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பது இதைத்தான். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், மடத்துத் தலைவர் சதுரானன பண்டிதரின் சொற்படி, வீரசோழத் தச்சன் என்ற ரவி கருங்கல்லில் எழுப்பியது என்று கல்வெட்டு சொல்கிறது. ராஜாவின் பெயரோடு கட்டியவனின் பெயரும் தங்கிப்போன கோயில்கள் நம் நாட்டில் அபூர்வம். பிராகாரத்தில் இருபத்தேழு நட்சத்திர லிங்கங்கள் உண்டு. அவரவர் நட்சத்திரத்தைத் தேடி விளக்கேற்றுகிறவர்கள் கலிய நாயனாரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். இந்த ஊர்ச் சக்கரப்பாடித் தெருவில் எண்ணெய் வணிகம் செய்தவர். சொத்தெல்லாம் கரைந்தபின் எண்ணெய்க்குப் பதிலாகத் தன் ரத்தத்தையே விளக்கில் வார்க்கக் கழுத்தை அறுக்கத் துணிந்தவர். வட்டப்பாறையம்மன் சன்னிதியில் நின்றால் கம்பருக்கு இரவில் தீவட்டி பிடித்தவள் இவள்தான் என்று யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள். எழுகிணற்றில் குடியிருந்த வள்ளலார் நடந்தே வந்து வழிபட்ட கோயிலும் இதுவே.

பட்டினத்தார் சமாதிக்கு மாலை நேரம்தான் சரி. கடற்கரையை ஒட்டிய எண்ணூர் விரைவுச் சாலையில் இருக்கிறது. மதிய வெயிலில் போனால் தரை சுடும், டிரெய்லர்களுக்கு நடுவே சாலையைக் கடப்பதும் பெரும் பாடு. குழந்தைகளோடு போகிறவர்கள் வாசல் வரைக்கும் ஆட்டோ பிடித்துவிடுங்கள். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், துறவியாகிக் கையில் பேய்க்கரும்போடு ஊர் ஊராக அலைந்தார். முக்தி கிடைக்கும் இடத்தில் இனிக்கும் என்ற அதன் நுனி இனித்த இடம் இது. சிறுவர்களோடு விளையாடும்போது தன்னை மூடிவைக்கச் சொன்னார், திறந்தால் உள்ளே லிங்கம் இருந்தது என்பது கதை. குருபூஜை ஆடி உத்திராடத்தில். அந்த நாளை விட்டால் பெரிய கூட்டம் இருக்காது, உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும். இதே ஊரில் பாடகச்சேரி ராமலிங்க சுவாமிகளின் சமாதியும் இருக்கிறது. கும்பகோணம் நாகேசுவரன் கோயில் திருப்பணிக்காகக் கழுத்தில் உண்டியலைக் கட்டிக்கொண்டு காசு திரட்டியவர், 1949இல் இங்கே அடங்கினார். ஒருவர் செல்வத்தை உதறியவர், மற்றவர் காசு காசாகச் சேர்த்தவர். இருவரையும் ஒரே மாலையில் பார்த்துவிட்டு வரலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது மாசித் திருவிழாவில் நடக்கும் மகிழடி சேவை. இந்த ஊரில் மணந்த சங்கிலியாரை விட்டுப் பிரியமாட்டேன் என்று தேவாரம் பாடிய சுந்தரர் சத்தியம் செய்த மகிழமரம் கோயிலுக்குள் இருக்கிறது. இறைவனைச் சன்னிதியிலிருந்து மரத்தடிக்கு நகரச் சொல்லிவிட்டுச் சத்தியம் செய்யலாம் என்பது சுந்தரர் போட்ட திட்டம். இறைவனோ சத்தியத்தை மரத்தடியிலேயே வாங்கும்படி சங்கிலியாரிடம் சொல்லிக்கொடுத்துவிட்டார்! திருவாரூர் நினைவு வந்து, சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போயின.

விழாவைப் பார்த்தபின் அவர் போன வழியையும் பிடித்துப் பாருங்கள். அதில் முதல் சில ஊர்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. கண்ணிழந்தவர் முதலில் போனது வட திருமுல்லைவாயில். அங்கே லிங்கத்துக்கு எப்போதும் சந்தனக்காப்பு, சித்திரைச் சதயத்தில்தான் களைவார்கள், ஆகவே அதற்கும் நாள் பார்க்க வேண்டும். அடுத்தது திருவெண்பாக்கம். பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டி முடிந்தபோது அந்தப் பழைய கோயிலின் இடம் தண்ணீருக்குள் போனது. மூர்த்திகளை எடுத்துவந்து பூண்டியில் வைத்திருக்கிறார்கள். ஊன்றீசுவரர் கோயில் என்று கேட்டால் காட்டுவார்கள், திருவள்ளூரிலிருந்து பேருந்து உண்டு. கண் கேட்டவருக்கு ஊன்றுகோல்தான் கிடைத்தது. கோபத்தில் அதை அவர் வீசி எறிய, நந்தியின் கொம்பு முறிந்தது என்கிறார்கள். போனால் நந்தியின் வலக்கொம்பைக் கவனித்துப் பாருங்கள்.